மரபு நடைக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு ஐந்து நடை போனோம். ஆறாவது மழையில் நின்றுபோனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

எந்த ஊருக்குப் போனாலும் நம்மிடம் யாராவது கேட்பது, "சுரங்கம் எங்கே?" திருமயத்தில் இது உச்சத்துக்குப் போனது. 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை, மலையடிவாரத்தில் குடைவரைக் கோயில்கள், உச்சியில் பீரங்கி என்று எல்லாம் கண்முன்னே இருக்க, பிள்ளைகள் புதர் புதராகச் சுரங்க வாயில் தேடினார்கள். அகப்பட்டது ஓர் ஆட்டுக்குட்டி.

சரி, சுரங்கம்தானே வேண்டும் என்று, மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய்வந்த நம் ஆச்சி ஒருவரை அடுத்த கூட்டத்தில் பேசவைத்தோம். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் அவர் நடந்து பார்த்தது, கைவிடப்பட்ட சுரங்க ரயில் பாதை. ஈரி கால்வாயை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டபின், காலியான பழைய படுகையிலேயே தண்டவாளம் போட்டு, நகர நடுவில் மேலே சாலையும் அமைத்துவிட்டார்கள். 1927இல் ஓடத் தொடங்கியது. 1956இல் பயணிகள் ரயில் நின்றது. ஜெனசி ஆற்றின்மேல் கால்வாயைச் சுமந்த கல்பாலமே பிறகு ரயிலையும் சுமந்ததாம். இப்போது சுவர் முழுக்கக் கிறுக்கல் ஓவியங்கள். "அவுக தண்ணி போன வழியில ரயிலு விட்டாக. நம்ம குப்பையப் போட்டு அடச்சுப்புட்டோம்" என்று ஆச்சி முடித்ததும் யாரும் கைதட்டவில்லை.

அந்தப் பேச்சுதான் தண்ணீர் நடைக்கு வித்து. செட்டிநாட்டு வீட்டின் ஓட்டுக் கூரையில் விழும் மழை, வீட்டு நடுவிலுள்ள வளவு முற்றத்தில் இறங்கி, தரைக்கு அடியில் ஓடி, தெருவோரக் கால்வாய் வழியாக ஊரணி சேரவேண்டும். அந்த வழியைப் பின்தொடர்வதுதான் திட்டம். பக்கத்து ஊர் வீடொன்றில் முற்றத்தில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வாசலுக்கு ஓடினோம். வரவில்லை. இன்னும் நான்கு குடம். முற்றம்தான் நிறைந்தது! பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், வெளிவாய் தெருவுக்குக் கீழே புதைந்துகிடக்கிறது. கேட்ட பிள்ளைகளுக்குக் காட்ட அசல் சுரங்கம் அதுதான். என் கணக்கில் இந்த ஆண்டின் சிறந்த நடையும் அதுவே.

அடுத்த வீட்டைப் பார்க்க முடியவில்லை. சாவி ஒரு பங்காளியிடம், அவர் மலேசியாவில். 2014இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறியாயிற்று. அதற்காகப் பூட்டு திறக்குமா? இதற்கிடையே பிரித்த வீடுகளின் தேக்குத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் வரிசையாக நிற்கின்றன.

மற்ற நடைகள் பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, குன்றக்குடி. எல்லாரும் அறிந்தவை, நன்றாகவே நடந்தன. ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வார்த்துத் தரைக்கல் செய்வதைப் பார்த்துவிட்டுப் பந்திக்குத் தாமதமாக வந்தவர்களுக்குப் பணியாரம் தீர்ந்துவிட்டது. செயலாளரைத் திட்டவேண்டாம்.

வெளிவாயைத் தோண்டித் திறக்க வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். சாலைக்குரிய அலுவலகத்துக்கும் மனு போட்டிருக்கிறோம், பதில் இல்லை. மழைக்கு முன் ஒரு ஞாயிறு காலையில் வேலையைத் தொடங்குவோம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவரவும். டார்ச் வேண்டாம்.

செயலாளர்