அப்பாவுக்கு, கேலப்பிலிருந்து

கேலப், நியூ மெக்சிகோ.
ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லை" என்று முடித்துவிடுகிறாள். நீங்கள்தான் உண்மையைச் சொல்ல வேண்டும். இங்கே குளிர் வந்துவிட்டது. இந்த ஊர் சுமார் 6,500 அடி உயரத்தில் இருக்கிறது, நம் ஏற்காட்டைவிட உயரம். ஆனால் ஏற்காட்டு மரமெல்லாம் கிடையாது. சிவப்புப் பாறை, அதற்கு மேலே வானம், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு வெள்ளிப் பட்டறைக்குப் போனேன். போனில் சொன்னால் நீங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்பீர்கள், பாதி எனக்கு மறந்துபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னோடு வார்டில் வேலை பார்க்கும் ஒரு பெண் நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவள். அவர்கள் தங்களைத் 'தினே' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். மக்கள் என்று பொருள். அவளுடைய அம்மா வெள்ளி வேலை செய்கிறவர். வீடு விண்டோ ராக் பக்கம். இவர்கள் புது ஆளைப் பார்த்தால் முதலில் தங்கள் குலத்தைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்வார்கள். முதலில் அம்மாவின் குலம், அப்புறம் அப்பாவின் குலம். என் முறை வந்தபோது என்ன சொல்வதென்று தெரியாமல், "எங்கள் அப்பா சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்கிறார்" என்றேன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு முக்காலியை எடுத்துத் தன் பட்டறை மேசைக்குப் பக்கத்தில் போட்டார்.

அப்பா, பட்டறைக்கல்லுக்குப் பதில் அவர் வைத்திருப்பது ஒரு தண்டவாளத் துண்டு! நீங்கள் வைத்திருக்கிறீர்களே, அதே மாதிரி. மேல் பக்கம் அடித்து அடித்துக் கண்ணாடியாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு காப்பி டப்பா நிறைய உளிகள். பூ, முக்கோணம், மேகம் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கோலம். தேய்ந்துபோன அரங்களை வெட்டி அவருடைய அப்பா செய்தவையாம். இப்போதும் அவற்றால்தான் தட்டுகிறார்.

அன்று அவர் மகளுக்காக ஒரு மாலை செய்துகொண்டிருந்தார். மொத்தம் 54 வெள்ளிக் குண்டு மணிகள். பிடரிப் பக்கம் மிளகளவில் தொடங்கி, நெஞ்சுக்கு வரும்போது நெல்லிக்காய் அளவு. தகட்டை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, குழி வெட்டிய இரும்புக் கட்டையில் வைத்துத் தட்டினால் ஒரு கிண்ணம். இரண்டு கிண்ணத்தை வாயோடு வாய் வைத்து, பற்றுப் பொடி வைத்து நெருப்பு ஊதி ஒட்டினால் ஒரு குண்டு. ஆறியதும் அதைக் கட்டைவிரல் நகத்தில் மெதுவாக உருட்டிப் பார்த்தார், பற்று தட்டுகிறதா என்று. சலங்கை முத்தை நீங்கள் அப்படித்தானே பார்ப்பீர்கள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேஸ் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இங்கே பழைய மாலைகளில் நீலப் பச்சைக் கல் நிறைய இருக்கும். குண்டுகளுக்கு நடுவே பூசணிப்பூ மாதிரி விரிந்த மணிகளும் தொங்கும். அது பூசணியே இல்லை, ஸ்பானியர்களின் மாதுளை வேலைப்பாட்டிலிருந்து வந்தது என்கிறார்கள். அடியில் பிறை வடிவப் பதக்கம். அதற்கு 'நாஜா' என்று பெயர். ஸ்பானியர்களின் குதிரைக் கடிவாளத்தில் தொங்கியது இவர்கள் கழுத்துக்கு வந்திருக்கிறது. இந்த அம்மா செய்த மாலையில் கல்லும் இல்லை, பூவும் இல்லை. குண்டும் ஒரு பிறையும் மட்டும்தான். பிறையின் ஓரத்தில் ஒரே ஒரு வரிசை மேகக் கோலம். அந்தக் கோட்டுக்குள் கறுப்பேற்றி, மேல் பக்கத்தை மட்டும் மெருகு போட்டார். நாம் பூந்திக்கொட்டை போட்டு ஒரு கறுப்பு விடாமல் அலசுவோம். இவர்கள் பள்ளத்தில் கறுப்பை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்தது.

இவர்கள் வெள்ளி வேலை கற்று 200 வருடம்கூட ஆகவில்லை. முதலில் கற்றவர் அட்சிதி சானி என்கிறார்கள். 'பழைய கொல்லர்' என்று அர்த்தம். மெக்சிகோக்காரர் ஒருவரிடம் இரும்பு வேலை கற்றவர். 1864-ல் அமெரிக்க ராணுவம் இந்த மக்களை ஊரைவிட்டு விரட்டி, பல நூறு மைல் நடக்கவைத்துக் கொண்டுபோய் அடைத்தது. வழியிலும் முகாமிலும் எத்தனையோ பேர் செத்தார்கள். 1868-ல்தான் ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்தார்கள். வெள்ளி வேலை பரவியது அதற்கு அப்புறம். அப்போது வெள்ளிக்கு எங்கே போவது? டாலர் காசையும் பெசோ காசையும் உருக்கினார்களாம்.

கஷ்டம் வந்தால் இவர்களும் நகையைத்தான் அடகு வைப்பார்கள். ஆட்டு ரோமம் விற்றதும் மீட்பார்கள். மீட்காமல் போனதை நாம் 'மூழ்கிவிட்டது' என்போம்; இங்கே 'செத்த அடகு' என்கிறார்கள். அம்மாவின் அட்டிகை ஞாபகம் வந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். வந்த புதிதில் நெடுஞ்சாலையில் ஒரு கடையில் 'நவஹோ மாலை' என்று சொன்னதை நம்பி ஒன்று வாங்கினேன். இந்த அம்மா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெஷின் குண்டு என்றார். இப்படிப் பொய் சொல்லி விற்பது குற்றம் என்று 1990-ல் சட்டமே வந்திருக்கிறது. ஆனாலும் விற்கிறார்கள்.

அவர் தன் மாலையை எப்படி அடையாளம் காட்டினார் தெரியுமா? பிறையைத் திருப்பினார். பின்னால் சின்னதாக அவர் பெயரின் முதல் எழுத்துகள், கொக்கிக்குப் பக்கத்தில் வெள்ளியின் தரத்தைச் சொல்லும் 925. கடைசி வேலையாக அந்த எழுத்தை என் கண் முன்னால்தான் தட்டினார், ஒரே அடி. "உன் அப்பாவின் முத்திரை எது?" என்று கேட்டார். நாற்பது வருடமாக நீங்கள் செய்த கொலுசு எதிலும் உங்கள் எழுத்து கிடையாது, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவீர்கள், வியாபாரியின் முத்திரைதான் விழும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

அண்ணன் குழந்தைக்கு முதல் கொலுசு நீங்கள்தானே செய்யப்போகிறீர்கள்? திருகாணிக்குப் பின்னால் உங்கள் பெயரின் 'சு' என்று ஒரே ஒரு எழுத்து தட்டுங்கள் அப்பா. உளி இல்லையென்றால் ஒரு பழைய அரத்தை வெட்டிச் செய்துகொள்ளலாம். எனக்கும் ஒரு குண்டு செய்து, அதிலும் தட்டி, பொங்கலுக்கு ஊருக்கு வரும் தோழி கையில் கொடுத்தனுப்புங்கள். அந்த அம்மாவிடம் காட்ட வேண்டும்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்