லீப் ஆண்டுக்கு 18 எழுத்து போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர் பக்கத்தில் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதும் பயிற்சி வெளியிடும்போது, ‘எவ்வளவு குறைந்த எழுத்தில் முடியுமோ அவ்வளவில் எழுதுக’ என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள். பிளஸ் 2 கணினி அறிவியல் படிக்கும் எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளில் வீட்டில் கணினி இல்லாதவர்களும் தாளும் பென்சிலும் வைத்தே இதைச் செய்யலாம்.

சுருக்கச் சொன்னால் மாணவர்கள் முதலில் மாறிகளின் பெயரைத்தான் வெட்டுகிறார்கள். அதற்கு யோசனை தேவையில்லை. லீப் ஆண்டைக் கண்டுபிடிக்கும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். 4ஆல் வகுபட வேண்டும், 100ஆல் வகுபடக் கூடாது, அல்லது 400ஆல் வகுபட வேண்டும் என மூன்று சோதனைகள். ஓரெழுத்து மாறியை வைத்து எழுதினாலும், இடைவெளி சேர்த்து 31 எழுத்து வரும். பைத்தானில் தமிழ் எழுத்தையே மாறியாக வைக்கலாம் என்பதால் சுருக்கிய வடிவத்தை இங்கேயே தருகிறேன்:

ஆ%(4,16)[ஆ%25<1]<1

மொத்தம் 18 எழுத்து. ‘ஆ’ என்பது ஆண்டு, % என்பது வகுத்தால் வரும் மீதி. ஆண்டு 25ஆல் வகுபட்டால் 16ஆல் வகுத்துப் பார்க்கிறது; வகுபடாவிட்டால் 4ஆல். 400 என்பது 25 பெருக்கல் 16 என்று கவனித்தவருக்கு மூன்றாவது சோதனையே தேவையில்லை. 1900ஐ 16ஆல் வகுத்தால் மீதி 12, லீப் இல்லை. 2000 மீதியின்றி வகுபடும். 1925 போன்ற ஒற்றைப்படை ஆண்டு 16ஆல் வகுபடவே முடியாது, அதனால் அங்கும் பிழை வராது. இங்கே சுருங்கியது கணக்கு. எழுத்து அதன் பின்னால் தானாகச் சுருங்கியது.

‘பூஜ்யத்துக்குச் சமமா’ என்று கேட்காமல் ‘1ஐவிடக் குறைவா’ என்று கேட்பதால் ஓர் எழுத்து மிச்சம். பைத்தானில் மிகை எண்ணால் வகுத்தால் மீதி ஒருபோதும் குறை எண்ணாக வராது. பிளஸ் 1-ல் படித்த சி++ மொழியில் அப்படியில்லை. அங்கே -3ஐ 4ஆல் வகுத்தால் மீதி -3. அதுவும் 1ஐவிடக் குறைவுதான், விடை தப்பாகிவிடும். ஆண்டுக் கணக்கில் இது தெரியாது, வேறு கணக்கில் காலை வாரும். ஆகவே ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் 1900, 1925, 2000, 2023, 2024 ஐந்தையும் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். முந்தைய வடிவத்தை அழிக்கக் கூடாது.

சில சமயம் நிரலைவிடத் தரவை மாற்றுவதே லாபம். பாலக்கோடு தக்காளி மண்டிக் கணக்கில் வரிக்கு வரி பெயர், எடை, விலை என்று இடைவெளியால் மட்டும் பிரித்து இருந்தால், ‘நாட்டுத் தக்காளி’ என இரண்டு சொல் வந்ததும் எடை இருக்க வேண்டிய இடத்தில் ‘தக்காளி’ வந்து நிற்கும். எண்கள் முன்னே, பெயர் கடைசியில் என்று வைத்தால் அதைச் சமாளிக்க எழுதிய வரிகள் மொத்தமும் போய்விடும். 1,250 என்று காற்புள்ளியோடு இருந்தால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸில் கோப்பை வரிவரியாகப் படிக்கும் ‘ஆக்’ (awk) கருவியோ அதை 1 என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தப்பான கூட்டுத்தொகை தரும்.

போட்டியாக வைத்தால் எதை எண்ணுவது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘தர்மபுரி’ நமக்கு 5 எழுத்து. புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியே எண்ணும் பைத்தானுக்கு 8. யூடிஎஃப்-8 முறையில் எழுத்துகளைச் சேமிக்கும் கோப்பில் 24 பைட். மேலே உள்ள 18 எழுத்தும் பைட் கணக்கில் 22.

அச்சில் ஒரு கவனம் தேவை. வளைந்த மேற்கோள் குறியைப் பைத்தான் ஏற்காது, நேர்க்குறியே வேண்டும். பத்தி அகலத்துக்காக வரியை மடிக்காதீர்கள். வரி முன்னிடைவெளியும் அப்படியே இருக்கட்டும். அது நகர்ந்தால் சரியான நிரலும் ஓடாது.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.