செவலையை வண்டியில் ஏற்றும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தோப்பில் தேங்காய் வெட்டு நடந்துகொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். லீவுக்கு வந்தவளிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் உன் செவலைக் குதிரையைப் பற்றித்தான் பேச்சு. இதில் பாதி அவள் சொன்னது, மீதி நான் பார்த்துப் பழகியது.

ஆடியில் அந்தியூர் சந்தையில் வாங்கி, குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கோபிக்குக் கொண்டுவந்தாய். வந்து சேர்ந்தபோது உடம்பெல்லாம் வேர்வை, பின்னங்காலில் தோல் உரிசல், இப்போது வண்டியைப் பார்த்தாலே பின்வாங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். திமிர் பிடித்த குதிரை என்று உன் ஆட்கள் சொல்வதை நம்பாதே. சந்தைக்குள் அத்தனை கூட்டத்திலும் கொட்டுச் சத்தத்திலும் அசையாமல் நின்ற குதிரை என்று நீயேதான் எழுதியிருந்தாய். வண்டி ஓடும்போது காலடி நிலைக்காததுதான் அதன் பயம் என்று நினைக்கிறேன். அந்தக் குட்டி யானையில் அகலம் போதாது, தகரத் தரை வழுக்கும், டிரைவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் கடைசி நிமிஷத்தில் பிரேக் போட்டிருப்பான். குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. பிரேக் போடும்போது அத்தனையும் முன்னால் சரியும். பிடித்துக்கொள்ளக் கை இல்லாத உயிர், காலை அகட்டித்தான் சமாளிக்கும். அகட்ட இடம் இல்லாவிட்டால் குளம்பால் பக்கச் சுவரை உதைத்து ஏறப் பார்க்கும். தோல் உரிந்தது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகவே, உடுமலைக்குக் கொண்டுபோக இரட்டைக் குதிரை ட்ரெய்லர் கிடைக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு நிம்மதி. ஆனால் முதலில் அதன் நடுத்தடுப்பைப் பார். தரைவரைக்கும் பலகையாக இறங்கியிருந்தால் கழற்றிவிடச் சொல். ஒற்றைக் குதிரைதானே, தாராளமாகக் காலை அகட்டி நிற்கட்டும். கழற்ற முடியாது என்றால் வலது பக்க அறையில் ஏற்று. நம் ரோடுகள் இடது ஓரம் தாழ்ந்திருப்பவை. கனம் வலப்பக்கம் இருந்தால் வண்டி ஒருச்சாயாது. அப்புறம் ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டு அடிப்பலகையைக் குத்திப் பார். மூத்திரம் ஊறி ஊறி அடியில் மக்கியிருக்கும், மேலே பார்த்தால் தெரியாது.

ட்ரெய்லர் எப்போது வருகிறது? பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் வாங்கி உன் களத்தில் நிறுத்திவிடு. காரோடு மாட்டியே வை, அல்லது சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்னும் பின்னும் முட்டுக் கொடு. குதிரை ஏறும்போது வண்டி ஒரு தடவை தூக்கிப் போட்டால் பத்து நாள் உழைப்பும் போச்சு. நிறுத்தும்போது உள்ளே வெயில் விழுகிற மாதிரி நிறுத்து. குதிரையின் கண் சுற்றிலும் ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும், ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். வெயிலில் நிற்கும் குதிரைக்கு ட்ரெய்லரின் உள்பக்கம் கிணறு மாதிரி இருக்கும். முன்பக்கச் சின்னக் கதவையும் திறந்து வை.

பிறகு அவசரமே படாதே. முதல் நாள் சாய்வுப் பலகைக்குச் சற்றுத் தள்ளிக் கொள்ளுக் கூடையை வை. மறுநாள் பலகை மேல். முன்னங்கால் ஒன்றை வைத்தாலே கயிற்றைத் தளர்த்தி, கழுத்தைத் தடவிக் கொடுத்து, பின்னால் நடத்திக்கொண்டு வந்துவிடு. இறங்க முடியும் என்று அதற்குத் தெரிந்தால்தான் ஏறும். இதை உன் ஆட்களுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். ஏறிவிட்டதே என்று கதவைச் சாத்திவிடத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். கயிற்றை யாரும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பின்னால் நேராக நிற்கவும் கூடாது. சாட்டை, விளக்குமாறு, பின்னால் கயிறு போட்டு இழுப்பது எதுவும் வேண்டாம். ஒரு தடவை அடித்து ஏற்றிவிடலாம், அடுத்த தடவைக்கு அது வண்டியைப் பார்த்ததுமே அடியை நினைத்துக்கொள்ளும்.

உள்ளே நின்று நிதானமாகத் தின்னத் தொடங்கியதும், அதன் பின்னால் குறுக்கே போடும் பின்கம்பியைப் போட்டுப் பழக்கு. இதில் ஒரு வரிசை உண்டு, உயிரே போனாலும் மாற்றாதே. முதலில் பின்கம்பி, அடுத்து கதவு, கடைசியில்தான் தலைக்கயிறு. இறக்கும்போது தலைக்கயிற்றை முதலில் அவிழ்த்துவிட்டுத்தான் பின்பக்கம் திறக்க வேண்டும். தலை கட்டியிருக்கும்போது பின்னால் திறந்திருந்தால் குதிரை வெளியே வரப் பார்க்கும், கயிறு இழுக்கும், பயத்தில் எம்பி மண்டையைக் கூரையில் இடித்துக்கொள்ளும். கயிற்றை வளையத்தில் நேரடியாகக் கட்டாமல் நடுவே ஒரு சணல் கயிற்று வளையம் போட்டுக் கட்டு. நெருக்கடியில் சணல் அறுந்துவிடும், கழுத்து தப்பும்.

சின்னவள் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னாள். ஒன்று, தலையைத் தூக்கிக் கட்டாதே. குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்றும். மணிக்கணக்கில் தலை உயர்ந்தே இருந்தால் கிருமி கீழே நுரையீரலுக்கு இறங்கிக் காய்ச்சல் கண்டுவிடும். உனக்கு மூன்று மணி நேரப் பாதைதான், இருந்தாலும் நடுவே பல்லடம் பக்கம் நிழலாக நிறுத்தித் தலையைக் கீழே விடு. புல்லை உயரமாகக் கட்டித் தொங்கவிடாதே, தூசி மூக்குக்குள் போகும். லேசாக நனைத்துப் போடு. இரண்டாவது, துணை. பழகிய இன்னொரு குதிரை கூட வந்தால் அதைவிட நல்லது இல்லை. உன்னிடம் அது இல்லை. ட்ரெய்லரில் கண்ணாடி மாட்டினால் தனியாகப் போகும் குதிரையின் தவிப்பு ஓரளவு குறைகிறது என்று 2009இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறதாம். உடையாத அக்ரிலிக் கண்ணாடியாக, பக்கவாட்டில் தலை உயரத்தில் மாட்டிப் பார்.

மயக்க மருந்து கேட்டிருந்தாய். டாக்டர் பார்த்துச் சொன்னால் ஒழிய வேண்டவே வேண்டாம். மருந்தில் கால் தள்ளாடும். நிற்கத் தடுமாறுகிற குதிரைக்கு அது எதிரி.

டிரைவரை நீயே தேர்ந்தெடு, உனக்குத் தெரிந்தவனாக இருக்கட்டும். முதலில் அவனை ட்ரெய்லருக்குள் நிற்கவைத்து, நீ ஓட்டி ஒரு சுற்றுச் சுற்று. ரோட்டில் அல்ல, உன் தோட்டத்துத் தடத்திலேயே போதும். கம்பியைப் பிடிக்காமல் நிற்கச் சொல். ஒவ்வொரு வளைவும் என்ன செய்கிறது என்று அவனுக்கே விளங்கும். அப்புறம் குதிரையோடு ஒரு சின்னப் பயணம், அடுத்த நாள் இன்னும் கொஞ்ச தூரம், வீட்டுக்கே திரும்பி வந்து தீனி. உடுமலைக்குப் போகும் நாள் அதற்குப் புதிய நாளாக இருக்கக் கூடாது.

அன்றைக்கு விடிவதற்கு முன்னே கிளம்பிவிடு. காலையில் கொள்ளும் தவிடும் வேண்டாம், புல் மட்டும் கொடு. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பதால் வயிற்றுக்கோளாறு வந்தால் ஆபத்து. உங்கள் கிணற்றுத் தண்ணீரை இரண்டு கேனில் எடுத்துக்கொள். புது ஊர்த் தண்ணீரைச் சில குதிரைகள் முகர்ந்துவிட்டு விட்டுவிடும். அங்கே குழாய்த் தண்ணீர்தான் என்றால், கிளம்பும் முன்னே உன் வீட்டிலேயே தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்கிவிடலாம். போய்ச் சேர்ந்ததும் சூட்டைப் பார், அடுத்த மூன்று நாளும் காலை மாலை பார். 101.5 டிகிரியைத் தாண்டினாலோ, தீனி எடுக்காமல் தலை தொங்கினாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு. பயணத்துக்கு உடம்பு தகுதி என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

மாமனார் தோப்பில் லாயம் போட்டாயிற்றா? அதற்கு நான் வந்து பார்க்கிறேன், தாராபுரத்திலிருந்து ஒரு எட்டு வந்துவிடலாம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். நடுத்தடுப்பு தரைவரைக்கும் இருக்கிறதா, கழற்ற வருமா என்பதை மட்டும் உடனே பார்த்துப் போன் பண்ணு. கழற்ற வராது என்றால் சின்னவள் வேறொரு ஆளைச் சொல்கிறாள், அவரிடம் பெரிய வண்டி இருக்கிறதாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி