வேலிப் பொட்டுக்கு ஒரு நன்றி மடல்

அப்பாவின் 31ஆம் நாள் கிரியை நேற்று நிறைவேறியது. எங்கள் ஊர் வழமைப்படி அன்று கல்வெட்டு எனும் நினைவு மலர் அச்சடித்து, கடைசிப் பக்கத்தில் 'நன்றி நவிலல்' என்று நான்கு வரி போட்டிருக்க வேண்டும். இம்முறை அச்சகத்துக்குப் போகவும் வழியில்லை, வீடு வீடாகப் போய்க் கொடுக்கவும் வழியில்லை. ஆகவே இந்த மடல். நான்கு வரிக்குள் அடங்காத ஒன்றும் என்னிடம் இருக்கிறது.

கொரோனா வந்த இந்த இரண்டு மாதக் கதையை யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நேரே தெற்கு வேலிக்கு வருகிறேன்.

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் உள்ள வேலி 2011இல் பிணக்குக்கு உள்ளானது. ஒரு குழிக்கும் குறைந்த காணி. கதியால் வரிசை, அதாவது வேலிக்கு நட்ட உயிர்மரக் கம்புகள், எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டது என்று அப்பா சொன்னார். நகரவே இல்லை என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபை வரை போனது, இணக்கம் மட்டும் வரவில்லை. அதன்பின் ஒன்பது வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. எங்கள் வீட்டு நல்லதுக்கு அவர்கள் வரவில்லை, அவர்கள் வீட்டுக் கெட்டதுக்கு நாங்கள் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை என்றால் என்ன என்று இங்கு பிறந்தவர்களுக்குத் தெரியும்.

2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு ஊரடங்கு தொடங்கியது. அப்பா அதற்கு முன்பே படுக்கையில் இருந்தார். அவரைத் தூக்கி இருத்தவும், புரட்டிப் படுக்க வைக்கவும், முதுகு துடைக்கவும் தினமும் காலையில் பெரியம்மாவின் மகன் வேறு ஊரிலிருந்து வருவான். அடுத்த நாள் அவனால் வர முடியவில்லை. நான் தனி. அப்பா மெலிந்திருந்தாலும், தன் பலத்தால் அசைய முடியாத உடம்பு கல்லாய்க் கனக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சரிந்தார். அவருக்கு வலித்தது. அவர் கத்த, நானும் அழுதேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தெற்கு வேலியில் கத்திச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமா கிடுகின் கட்டை அறுத்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கிளுவைக் கதியாலை இரண்டு கையாலும் பிடித்து, ஆட்டி ஆட்டி, வேர் அறாமல் மெதுவாகப் பிடுங்கினார். பக்கத்தில் இருந்ததையும் அப்படியே. இரண்டையும் தன் கிணற்றடி ஈரத்தில் சாய்த்து வைத்தார். ஓர் ஆள் குனிந்து வரக்கூடிய பொட்டு, வேலியில் ஒரு சின்ன வழி. எந்த இடத்துக்காக ஒன்பது வருடம் முகம் பாராமல் இருந்தோமோ, அதே இடம்.

அந்த வழியாகவே வந்தார். வாயைத் துணியால் கட்டியிருந்தார். முற்றத்து வாளியில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினார். என்னிடம் "தலைப்பக்கம் நான் பிடிக்கிறேன், நீ காலைப் பிடி பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அப்பாவின் அக்குளுக்குள் கையைக் கொடுத்து ஒரே மூச்சில் இருத்திவிட்டார். அப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார். நான் முதுகைத் துடைத்து முடிக்கும் வரை மாமா தன் தோளிலேயே அப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

அன்று முதல் தினமும் காலை ஆறு மணிக்கு, மாலை ஐந்து மணிக்கு. ஒரு நாளும் பிந்தவில்லை. அவர் பின்னால் மாமி ஒரு செம்பில் ஆட்டுப்பால் கொண்டுவந்து குந்தில் வைத்துவிட்டுப் போவார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அப்பா முதல் முறையாக வாய் திறந்தார்.

"வேலியை ஏன் பிரித்தாய் தம்பி?"

"படலையால் வந்தால் வீதியில் இறங்க வேண்டும் அண்ணை. ஊரடங்கு. கதியாலைப் பிறகு நட்டுக்கொள்ளலாம்."

அவர்கள் இருவரும் அந்த வேலியைப் பற்றி அதன்பின் பேசவில்லை. மழையைப் பற்றியும், வெங்காயம் விற்க முடியாமல் கிடப்பதைப் பற்றியும் பேசினார்கள். அப்பா கடைசியாகச் சிரித்தது மாமாவோடு பேசும்போதுதான்.

அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். தங்கை நயாகரா ஆற்றுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பஃபலோவில். அண்ணா ஏப்ரலில் வருவதற்கு டிக்கெட் எடுத்திருந்தார். 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதிலிருந்து அப்பாவுக்கு ஓர் ஆசை, மகன் சென்னை வழியாக வந்து நம் மண்ணிலேயே இறங்க வேண்டும் என்று. வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மார்ச் 19 முதல் இலங்கைக்குப் பயணிகளை ஏற்றிவரும் விமானங்கள் நின்றன. மார்ச் 21 முதல் கனடாவும் அமெரிக்காவும் தமக்கிடையிலான எல்லையை அத்தியாவசியமற்ற பயணங்களுக்கு மூடின. சரக்கு லொறிகள் போகலாம், வரலாம். அண்ணன் தங்கை வீட்டுக்குப் போக முடியாது.

அப்பா கண்ணை மூடிய செய்தியைச் சொன்னபோது அவர்கள் இருவரும் கேட்டது ஒன்றுதான்: "எங்கள் இருவரையுமாவது ஓரிடத்தில் இருந்து அழ விட மாட்டார்களா?" இரண்டு மணி நேரக் கார் ஓட்டம்தான் இடைவெளி. கிரியை தொடங்கும்போது எங்களுக்கு முற்பகல் 10.30, அவர்களுக்கு இரவு 1 மணி. அண்ணா கனடாப் பக்கத்து ஃபோர்ட் ஈரியில் நயாகரா ஆற்றங்கரை வீதியோரம் காரை நிறுத்தினார். தங்கை எதிர்க்கரையில். நடுவில் பீஸ் பிரிட்ஜ் பாலம். அண்ணா கார் விளக்கை மூன்று முறை அணைத்து எரித்தார், தங்கையும் அப்படியே செய்தாள். பாலத்தின் மேல் லொறி வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது என்று தங்கை பிறகு சொன்னாள். அங்கிருந்துதான் இருவரும் கைத்தொலைபேசியில் அப்பாவைப் பார்த்தார்கள்.

வாய்க்கரிசி நேரம் வந்தது. நான் ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டு ஒதுங்கினேன். பொட்டடியில் நின்ற மாமி என்னை மறித்தார். "அண்ணனின் பங்கையும் தங்கச்சியின் பங்கையும் நீதான் போட வேண்டும் பிள்ளை. பெயரைச் சொல்லிப் போடு, அவர்களுக்குக் கேட்கட்டும்." எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டாம் பிடியை அண்ணாவின் பெயரைச் சொல்லிப் போட்டேன். மூன்றாம் பிடியைத் தங்கையின் பெயரைச் சொல்லிப் போட்டேன். தொலைபேசிக்குள் இருவரும் ஓவென்று அழுத சத்தம் முற்றம் முழுவதும் கேட்டது. அதுவரை அவர்கள் அழவில்லை.

மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியைப் பெரியம்மாவின் மகன் வைத்தான். அவனுக்கு அனுமதிப் பத்திரம் எடுத்துத் தந்த கிராம அலுவலருக்கும், கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், குருக்கள் ஐயாவுக்கும், மருந்து கொண்டுவந்த ஓட்டோத் தம்பிக்கும், எட்டு நாளும் சாப்பாட்டுப் பார்சலைப் படலையில் தொங்கவிட்டுப் போன சனசமூக நிலையத்துப் பிள்ளைகளுக்கும், ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் அண்ணாவின் வாசலில் சாப்பாடு வைத்துவிட்டு மணியடித்துப் போன ஊரவர்களுக்கும், பஃபலோவில் தங்கையின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அயலவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தொலைபேசியில் துக்கம் விசாரித்தவர்கள் பெயரெல்லாம் என் கொப்பியில் இருக்கிறது. ஒருவரையும் மறக்கவில்லை.

எல்லையை மூடியது பிழை என்று நான் சொல்லவில்லை. மூடாமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை வீட்டில் ஒப்பாரி கேட்டிருக்குமோ. ஆனால் 'அத்தியாவசியமற்ற பயணம்' என்ற சொல் என்னை இரவில் தூங்க விடுவதில்லை. 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தை வன்னியோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்ட காலத்தில் வன்னியில் இருந்த அத்தை இறந்துபோனார். அப்பாவால் போக முடியவில்லை. செய்தி வந்து சேரவே நாட்கள் ஆயின. அன்று அவர் குளித்துவிட்டு வந்து, ஈர வேட்டியோடு வடக்குத் திண்ணையில் விடியும் வரை இருந்தது என் கண்ணில் நிற்கிறது. அப்போது மூடியது போர், இப்போது மூடியது நோய். இரண்டுக்கும் காரணம் வேறு, நியாயமும் வேறு. திண்ணையில் இருப்பவருக்கு மட்டும் இரவு ஒன்றுபோலவே நீள்கிறது.

கனடா அமெரிக்க எல்லை மூடலை முப்பது நாளுக்கு ஒரு முறை நீட்டி வந்தார்கள். 2020 மே 19 அன்று மறுபடி ஜூன் 21 வரை நீட்டினார்கள். அண்ணா செய்தியை அனுப்பிவிட்டு வேறொன்றும் எழுதவில்லை.

மாமா, மாமி, உங்களிடம் நேரில் சொன்னால் "இதெல்லாம் ஒரு காரியமா" என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே ஊர் அறிய எழுதுகிறேன். அப்பாவின் பெட்டியில் இருந்த வேலிப் பிணக்குக் கடிதங்களை அண்ணாவிடமும் தங்கையிடமும் கேட்டு, மூவர் சம்மதத்தோடும் நேற்று எடுத்து வைத்துவிட்டேன். அலுவலகங்கள் திறந்ததும் நில அளவையாளரை நானே அழைத்து வருகிறேன். கதியால் இப்போது நிற்கும் இடமே எல்லை என்று எழுதிக் கையெழுத்து வைப்போம். பொட்டை அடைக்க வேண்டாம். வானம் திறந்து அண்ணாவும் தங்கையும் வரும் நாளில், கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போகும் முன் அவர்களை அந்தப் பொட்டால்தான் உங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவேன். அண்ணா உயரம், நன்றாகக் குனிய வேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
மகள்,
யாழ்ப்பாணம்.