முடக்குவாதம் மூட்டோடு நிற்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் வெளியூர் போய்விட, செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முதியவர்கள் தனித்தே இருக்கிறார்கள். அவர்களின் முடக்குவாதத்தை ‘மூட்டு வலிதானே’ என்று விட்டுவிடுவது வேதனையளிக்கிறது.

தேவகோட்டையில் என் அப்பத்தாவுக்கு விரல்கள் கோணிப்போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. சுருக்குப் பையில் வெற்றிலையோடு வலி மாத்திரை அட்டையும் இருக்கும். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனதை நடைக் குறைவு என்றே நினைத்தார். சிறுநீர் நுரைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. பரிசோதித்தபோது சிறுநீரில் புரதம் வெளியேறுவது தெரிந்தது.

முடக்குவாதத்தால் உடலில் உண்டாகும் அழற்சி (வீக்கமும் வலியும் தரும் எதிர்வினை) ஆண்டுக்கணக்கில் அடங்காமல் இருந்தால் கல்லீரல் ஒருவகைப் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அது சிலருக்குச் சிறுநீரகத்தில் படிந்து, அதைச் செயலிழக்கச் செய்கிறது. இதற்கு அமிலாய்டோசிஸ் என்று பெயர். கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தைத் தனியே கெடுக்கும். இந்நோயால் நுரையீரல் தழும்பேறி வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வரலாம். மாரடைப்பு அபாயமும் கூடுகிறது. நோயைத் தொடக்கத்திலேயே மருந்தால் கட்டுப்படுத்தினால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வருகிறார்கள், நல்ல பணி. சிவகங்கை மாவட்டத்தில் அவர்கள் முடக்குவாத நோயாளிகளையும் கணக்கெடுத்து, சிறுநீர்ப் புரதப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, காரைக்குடி