கீற்றுக் கொட்டகையைப் பிரித்த கைகளுக்கு

எங்கள் ஊர் மக்களுக்கும், எங்களிடம் பிள்ளைகளை விட்ட பெற்றோர் எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளியின் வெள்ளி விழாவில் நன்றியுரைக்கு எனக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. நான் சொல்ல நினைத்த பலர் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். சிலர் வரவே இல்லை. அன்று விட்டுப்போனதை இன்று எழுதுகிறேன்.

1999 ஜூனில் 14 குழந்தைகளோடு தொடங்கினோம். அப்போது நம்மூர்ப் பிள்ளைகள் நாலு வயதிலேயே வேனில் பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் போய் வருவார்கள். சாயங்காலம் தூங்குகிற பிள்ளையை வேனிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போகிற தாய்மார்களைத் தினமும் பார்ப்பேன். ஊரிலேயே ஒரு நர்சரி பள்ளி வேண்டும் என்று தோன்றியது அப்படித்தான். நானும் என் வீட்டுக்காரரும் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தோம். கையில் காசு இல்லை. தேங்காய் மண்டிப் பெரியப்பா தன் களத்தில் பாதியைக் கொடுத்தார். மூன்று வருடம் வாடகை வாங்கவில்லை. வெயில் காலத்தில் கொப்பரை காய வைக்கிற களத்தை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தென்னை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். அவர் தோப்பு மட்டையையே வாய்க்காலில் ஊறப்போட்டு, தெற்குத் தெரு அக்காமார்கள் கீற்று முடைந்து தந்தார்கள். அதுதான் எங்கள் முதல் வகுப்பறை.

அடுத்ததை எழுத இப்போதும் கை தயங்குகிறது. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 குழந்தைகள் போய்விட்டார்கள். சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது என்று கேள்விப்பட்டபோது நான் எங்கள் கீற்றுக் கொட்டகையில்தான் நின்றுகொண்டிருந்தேன். அன்று ராத்திரி நாங்கள் இருவரும் தூங்கவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் டிசி கேட்டு வருவார்கள், பள்ளி இதோடு முடிந்தது என்றே நினைத்தேன். சனிக்கிழமை விடிவதற்குள் வாசலில் பேச்சுச் சத்தம். அரிவாளும் ஏணியுமாக அப்பாக்கள் நின்றார்கள். "டீச்சர், இத முதல்ல பிரிச்சிடுவோம்" என்று ஒருவர் சொன்னார். மதியத்துக்குள் கொட்டகையில் ஒரு கீற்று இல்லை. கூரைகளை அகற்றச் சொல்லும் அரசு உத்தரவு அதற்கு அப்புறம்தான் வந்தது. கட்டடம் எழும்பும்வரை கல்யாண மண்டபத்தில் வகுப்பு நடத்தினோம். முகூர்த்த நாளில் மட்டும் கோயில் மண்டபம். அந்த வருடம் ஒரு பிள்ளைகூடப் பள்ளியை விட்டுப் போகவில்லை.

அந்த அப்பாக்களில் மூன்று பேர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் வீட்டார் இதைப் படிக்க வேண்டும்.

கட்டடம் முடிந்து உறுதிச் சான்றுக்குப் பொறியாளர் ஒருவர் வந்தார். பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. மேற்குச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "லிண்டல் பெல்ட், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே சுவர் நெடுக ஓடுகிற கான்கிரீட் பட்டை, அதைப் போடாமல் விட்டிருக்கிறீர்கள். சுவர் நீளம் வேறு, நடுவில் தூண் இல்லை. நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். கெஞ்சினேன். அழுதேன். அவர் அசையவில்லை. எப்படிக் கட்ட வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்துவிட்டுப் போனார். கொத்தனார் அண்ணன் கூலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, ஆட்களோடு அந்தச் சுவரை இடித்துப் புதிதாக எழுப்பினார். அந்தப் பொறியாளர் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது, பக்கத்துக் கூரை வீடுகளிலிருந்து நாற்பது பேருக்கு மேல் அந்த மேற்குச் சுவர் உள்ள அறைக்குள்தான் இருந்தார்கள். வெளியே தென்னை முறிகிற சத்தம் விடாமல் கேட்டது. சைக்கிள் கொட்டகையின் தகடுகள் பறந்தன, காம்பவுண்டுச் சுவர் சாய்ந்தது. மேற்குச் சுவர் நின்றது. ஐயா, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, அன்று நீங்கள் போடாமல் போன கையெழுத்துக்கு என் நன்றி.

புயலுக்குப் பிறகு பீஸ் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. விழுந்த தோப்பில் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். டீச்சர்கள் எல்லோரும் கூடிப் பேசி, ஏழு மாதம் பாதிச் சம்பளம் போதும் என்று அவர்களாகவே வந்து சொன்னார்கள். அவர்கள் வீட்டிலும் மரம் விழுந்திருந்தது. அதிலிருந்து எழுவதற்குள் கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய சின்ன வகுப்புகளை 2021 நவம்பரில்தான் திறக்க முடிந்தது. போன் இல்லாத வீடுகளுக்குப் பாடத்தாள் கொண்டுபோய்க் கொடுத்து, எழுதியதை வாங்கி வந்தவர் வேன் ஓட்டும் தம்பி. வேன் ஓடாத காலத்தில் தன் சைக்கிளில் போனார்.

இப்போது எட்டாம் வகுப்பு வரை 312 பிள்ளைகள் படிக்கிறார்கள். பிளஸ் டூ வரை ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்கிறார்கள். பக்கத்திலேயே நல்ல அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு அங்கே போகிற எங்கள் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்கும் என் வணக்கம்.

கடைசியாக ஆயாம்மா. முதல் நாள் அழுத 14 பேரையும் மாறி மாறி இடுப்பில் சுமந்தவர். விழாவுக்குக் கார் அனுப்பியும் முழங்கால் வலியால் வர முடியவில்லை. ஆயாம்மா, உங்களுக்கு வாங்கிய புடவை ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
தாளாளர்