பத்து மணிக்கு மேல் ஏர்கோன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஏர்கோன் இல்லாமல் என் அம்மாவால் தூங்க முடியாது, அதனால் மின்சார பில் வரும்போதெல்லாம் மனம் பதறும். 2025 ஜூலையில் தீபகற்ப மலேசியாவில் வந்த புதிய மின்கட்டண முறையில், ஸ்மார்ட் மீட்டர் (எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவானது என்று தானே பதிவு செய்யும் மீட்டர்) உள்ள வீடுகள் நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தை விரும்பிக் கேட்டுச் சேரலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியவே இல்லை. மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு அப்போது அறிவித்த எரிசக்திக் கட்டணம் (பில்லில் 'energy charge') யூனிட்டுக்கு 27.03 சென், இதில் சேர்ந்தால் வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை 28.52, மற்ற நேரங்களிலும் சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளிலும் 24.43. நாங்கள் துணி துவைப்பதைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம், ஏர்கோனும் பத்து மணிக்கு மேல்தான். மாலையில்தான் அதிகம் செலவாகிற வீடு என்றால் கணக்குப் பார்த்துவிட்டுச் சேருங்கள். அப்புறம், பெரியவர்களுக்குப் புரியும்படி உங்கள் பத்திரிகை இதைத் தமிழில் விளக்கி வெளியிட வேண்டும்.

வாசகி, செந்தூல், கோலாலம்பூர்